முழுப்பேர்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மாலை ஜெபத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். நான் போதகராக மலையகத்துக்கு வந்த இரண்டாம் வருடம். அன்று மத்தேயு 20ஆம் அதிகாரத்தை வாசித்தேன். அதிகாலையில் வேலைக்கு வந்தவர்களுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய்கிற நேரத்தில், வந்தவர்களுக்கும் திராட்சத்தோட்டத்து எஜமான் ஒரே கூலி கொடுக்கிற உவமை. இறையியல் கல்லூரியில் படித்தபடியே விளக்கினேன். தோட்டம் என்பது திருச்சபை. கூலி என்பது நித்திய ஜீவன். சிறுவயதில் ஆண்டவரிடம் வந்தவருக்கும் மரணப் படுக்கையில் வந்தவருக்கும் ஒரே இரட்சிப்பு.

சுவரோரமாக இருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "ஐயா, கடைசியாக வந்தவர்களுக்கும் முழுப்பேர் போட்டாரா?"

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் விழுவதுதான் 'பேர்'. நிர்ணயித்த கிலோ கொழுந்து நிறுவையில் வராவிட்டால் அரைப்பேர். காலை முதல் மாலை வரை மலையில் நின்றிருந்தாலும் பாதிச் சம்பளம்தான். மழை நாளில் கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கென்று நிறையில் கழிப்பார்கள். அந்த அம்மா நாற்பது வருடம் கூடை சுமந்தவர். கயிறு அழுந்திய தடம் நெற்றிக்கு மேலே, முடி குறைந்து, வெளிறிய கோடாகத் தெரிந்தது.

"ஆமாம், முழுப்பேர்தான் போட்டார்" என்றேன். அதன் பிறகு என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை.

இளம் தாய் ஒருவர் பொறுக்க மாட்டாமல் பேசினார். "விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டு, வேலை பிரிக்கிற பிரட்டுக்கு ஓடி, அட்டைக்கடியோடு கூடை நிரப்புகிறவளுக்கும் அதே பேர், சாயங்காலம் வந்து நிற்கிறவனுக்கும் அதே பேரா?" பல தலைகள் ஆடின. பதிவில் பெயர் இல்லாமல் கைக்காசு வேலைக்குப் போய்வரும் ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "அவர்கள் சோம்பி நிற்கவில்லை, தங்கச்சி. 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்று ஐயா இப்போதுதானே வாசித்தார். அவன் வீட்டிலும் ராத்திரிக்கு அடுப்பு எரிய வேண்டுமே."

அந்த வசனத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஒருமுறைகூட அதில் நின்றதில்லை. நம் வேதாகமத்தில் 'ஒரு பணம்' என்று இருப்பது ரோமரின் தெனாரியம், ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதற்குக் குறைந்தால் அன்று வீட்டில் பசி. இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். வாசற்படியில் இருந்தவர் அதைப் படிக்காமலே அறிந்திருந்தார். தமிழ் வேதாகமத்தில் 'தோட்டம்', 'கூலி' என்ற இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது மலையகத்து மனிதருக்கு உவமையே தேவைப்படுவதில்லை. 1854இல் இந்தத் தோட்டங்களில் ஊழியம் செய்யத் தொடங்கிய மிஷனுக்கே 'தமிழ் கூலி மிஷன்' என்றுதான் பெயர். நம் மொழியில் உழைப்புக்குக் கிடைக்கும் காசைக் குறிக்கும் சொல், அங்கே உழைக்கிற மனிதரின் பெயராகிவிட்டது. உவமையில் வரும் எஜமானோ, கூலியை வாங்கி முறுமுறுத்த மனிதனைப் பார்த்துக்கூட 'சிநேகிதனே' என்கிறார்.

உருவகமாக வாசிப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டில் போப்பாக இருந்த மகா கிரகோரி, எஜமான் ஆட்களை அழைத்த ஐந்து வேளைகளை ஆதாம் முதல் உலக முடிவு வரையிலான ஐந்து காலங்களாகப் பிரித்துப் பிரசங்கித்தார். மனித வாழ்வின் பருவங்கள் என்றும் அவரே விளக்கினார். நான் அன்று சொன்னது அந்தப் பழைய விளக்கத்தின் ஒரு துண்டுதான். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்ன ஒன்றை மறந்திருந்தேன். மற்றெல்லாப் பொருளும் எழுத்துப்பொருளின், அதாவது சொற்கள் நேராகச் சொல்வதின், மேல்தான் நிற்கின்றன என்றார் அவர். அத்திவாரம் போடாமல் நான் கூரை வேய்ந்திருந்தேன்.

உயர்தரத்தில் உயிரியல் படித்த ஒரு பிள்ளை பிறகொரு நாள் வந்து, "உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்பதை நம்பாவிட்டால் நான் விசுவாசி இல்லையா, ஐயா?" என்று அழுதது. யாரோ அப்படிச் சொல்லியிருந்தார்கள். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது, அப்படியிருக்க முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் ஏது என்று 3ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார் என்று சொன்னேன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள் என்பதையும் காட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பிள்ளை தெளிந்து போனது. இந்தக் கேள்வி எனக்குப் பாரமாக இருந்ததே இல்லை.

பாரமாக இருந்தது வேறொன்று. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா திடீரென்று கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். வெளியிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் யாக்கோபு 5ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தைக் காட்டி, வியாதிப்பட்டவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கத்தான் எழுதியிருக்கிறது, மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று சொல்லியிருந்தார். நான் போனபோது அக்காவின் கால் விரலில் ஆறாத புண். துணியை அவிழ்த்ததும் வாடை அறையை நிறைத்தது.

எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தபோது கோபம் இன்னும் ஏறியது. அதே அதிகாரத்தில், பத்து வசனங்களுக்கு முன்னால் இருக்கிறது: "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டு, கூக்குரலிடுகிறது." 14ஆம் வசனத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தவர், 4ஆம் வசனத்தைத் தொடவே இல்லை. ஏழைப் பெண்ணின் மாத்திரைக்கு எழுத்து, கூலியைப் பிடித்து வைப்பவனுக்கு மௌனம். இந்தப் பாரபட்சத்தை நான் பல பிரசங்க மேடைகளில் பார்த்திருக்கிறேன். 'தரித்திரருக்குச் சுவிசேஷம்' என்று வரும்போது மட்டும் தரித்திரர் சட்டென்று ஆவிக்குரிய தரித்திரராகிவிடுவார்கள்.

மறுநாள் திரும்பிப் போனேன். எண்ணெய் அந்தக் காலத்தில் மருந்தாகவும் இருந்தது, நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துத்தான் கட்டினான் என்று லூக்கா 10ஐ வாசித்துக் காட்டினேன். எண்ணெய் பூசி ஜெபமும் செய்தேன். பிறகு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது.

வீடு திரும்பிய பின் அக்கா அந்த அதிகாரத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்றார். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, முதல் வசனத்திலிருந்து வாசித்தார். நான்காம் வசனத்தில் விரல் நின்றது. இன்னொரு முறை வாசித்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டு, "இங்கே வந்து இதைக் கேள்" என்று மூன்றாம் முறையும், இந்தத் தடவை சத்தமாக, வாசிக்கத் தொடங்கினார்.