காஞ்சிபுரம்: புடவைக்கடைக்கு போகாத ஒரு நாள்

காஞ்சிபுரம்னா எங்க வீட்டுல ஒரே ரூட்டுதான். காலைல காமாட்சி, அங்கருந்து ஏகாம்பரநாதர், அப்புறம் வரதர் கோயில்ல தங்கப்பல்லிய தொட்டுட்டு வெளிய வந்தா மத்தியான சாப்பாடு, அதுக்கு மேல இருட்டுற வரைக்கும் புடவைக்கடை. கல்யாணம்னு ஒண்ணு வந்தா கோயில் மூணு ஒண்ணா குறையும், கடை ஒண்ணு அஞ்சாகும். இந்த ரூட்டுல போயிட்டு வர்றவங்க யாரையும் குறை சொல்லல, நானும் அதே கூட்டம்தான். ஆனா போன மாசம் ஒரு சின்ன குரூப்போட போனேன், எட்டு பேரு, கூட்டிட்டு போனவர் ரிட்டயர்ட் ஹிஸ்டரி வாத்தியார். மூணு பெரிய கோயிலும் கிடையாது, கடை கிடையவே கிடையாதுன்னு முதல்லயே சொல்லிட்டார். குரூப்ல இருந்த பேங்க் மாமா மட்டும் "வரதர் கூட இல்லையா சார்"னு ரெண்டு தடவ கேட்டுப் பார்த்தார், சார் சிரிச்சுக்கிட்டே வேன்ல ஏறிட்டார்.

முதல்ல கைலாசநாதர். இது தெரியாத இடம் இல்லையேன்னு நீங்க கேப்பீங்க, நாங்களும் கேட்டோம். அதுக்கு சார் சொன்னது, கோயில் தெரியும், அதுல ஒரு தூண் தெரியாதுல்ல. பல்லவ ராஜா ராஜசிம்மன் 700 வாக்குல கட்டின கோயில், அவன் போய் ஒரு தலைமுறை கழிச்சு சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்ரமாதித்யன் காஞ்சிய பிடிக்கிறான். ஊர கொளுத்தல. கோயிலுக்குள்ள வந்து அங்க இருக்கற செல்வத்த எல்லாம் பார்த்துட்டு திரும்ப சாமிக்கே குடுத்துட்டேன்னு முன்மண்டபத்து தூண்ல கன்னடத்துல வெட்டி வச்சுட்டு போயிருக்கான். காஞ்சிபுரத்துல, பல்லவன் கோயில்ல, ஜெயிச்சவன் எழுதின கன்னட கல்வெட்டு! எத்தன தடவ அந்த மண்டபத்துல நின்னு கற்பூரம் ஒத்திக்கிட்டு வந்திருப்பேன், தூண பார்த்ததே இல்ல. ஜெயிச்சவன் நல்லவன் மாதிரி காட்டிக்க எழுதிக்கிட்டான்னு ஹோசூர்லருந்து வந்த தம்பதில அந்தக்கா சொன்னாங்க, இருக்கலாம், ஆனா அத பல்லவங்க செதுக்கி எறியாம விட்டாங்க பாருங்க, எனக்கு அதுதான் பெருசா பட்டது.

அப்புறம் கீழ உக்கார வச்சார். நிஜமாவே தரையில. அடித்தளத்துல கீழ் வரிசையும் மேல் வரிசையும் கருங்கல், நடுவுலயும் அதுக்கு மேல உள்ள சுவர் எல்லாமும் மணற்கல். பாரம் தாங்கறதுக்கும் ஈரத்துக்கும் கருங்கல், உளி ஓடுறதுக்கு மணற்கல். கைய வச்சு பாருங்கன்னார். கருங்கல் காலங்காத்தால சில்லுனு வழவழன்னு இருக்கு, பக்கத்துலயே மணற்கல் லேசா சொரசொரன்னு, விரல் எடுத்தா மாவு மாதிரி ஒட்டுது. அதான் பிரச்சனையே, ஆயிரத்து முன்னூறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துகிட்டே இருக்கு, அப்பப்போ யாரோ சுதை (சுண்ணாம்புச் சாந்து) பூசி ஒப்பேத்தியிருக்காங்க, சில சிங்கத்துக்கு அந்த சுதையில மூஞ்சி குரங்கு மாதிரி ஆயிடுச்சு. சுத்துச்சுவர ஒட்டி வரிசையா சின்ன சின்ன சன்னதி 58 இருக்கே, அதுக்குள்ள சிலதுல பழைய ஓவியம் துண்டு துண்டா இன்னும் இருக்கு. 1931-ல பாண்டிச்சேரியில வாத்தியாரா இருந்த ழூவோ துப்ரேய்ங்கற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிக்கற வரைக்கும் அது வெள்ளையடிச்ச பூச்சுக்கு அடியில கிடந்திருக்கு. ஒண்ணுல சோமாஸ்கந்தர், அதாவது சிவனும் அம்மனும் நடுவுல குழந்தை முருகனும், அதுல அம்மன் முகத்தோட கோடு மட்டும், காவி கலர்ல. ஆர்க்கிடெக்சர் படிக்கற பையன் டார்ச் அடிக்க போனான், சார் கைய புடிச்சு தடுத்துட்டார், கண்ணு பழகட்டும் இருன்னு. ரெண்டு நிமிஷம் கழிச்சு தானா தெரிஞ்சுது. நாப்பது பேரு பஸ்ல வந்திருந்தா இந்த ரெண்டு நிமிஷம் கிடைக்குமா சொல்லுங்க. சின்ன குரூப்புக்கு நான் குடுத்த காசு இதுக்கே சரியா போச்சு.

அங்கருந்து கிளம்பி வழியிலயே இறவாதீஸ்வரரும் பிறவாதீஸ்வரரும். ரெண்டும் ராஜசிம்மன் காலத்து குட்டி கோயிலுங்க, ஒரு ஹால் சைஸ்கூட இருக்காது. வீடுங்களுக்கு நடுவுல, புல்லு, கம்பி வேலி, ஒரு போர்டு. பெரிய கோயில்ல சிற்பி என்ன பண்ணியிருக்கான்னு அண்ணாந்து பார்த்து கழுத்து வலிக்கும், இங்க கண்ணுக்கு நேரா இருக்கு, சிங்கம் பின்னங்கால்ல எழுந்து நின்னு தூண தாங்குது, அதோட பிடரி சுருள் கூட எண்ணலாம். என்னைக்கேட்டா பல்லவர் சிற்பம் புரியணும்னா இந்த குட்டிக் கோயிலுங்கதான் முதல்ல பாக்கணும், பெருசு அப்புறம்.

அன்னைக்கு பார்த்ததுல ஒரு கோயில்ல, எதுன்னு சொல்லல, பூட்டு. சாவி வச்சிருக்கறவர் டீ குடிக்க போயிருக்காராம், எந்த டீக்கடைன்னு பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு தெரிஞ்சிருக்கு, அவங்க பையன சைக்கிள்ல அனுப்பினாங்க, அரை மணி நேரம் ஆச்சு. சார் கொஞ்சம்கூட டென்ஷன் ஆகல, படியில உக்காந்து கதை சொல்ல ஆரம்பிச்சுட்டார். இன்னொரு இடத்துல தூணுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க, பச்சையும் மஞ்சளும். கல்வெட்டு மேலயும் பெயிண்ட். பக்தியில பண்ணதுதான், தெரியுது, ஆனாலும் வயிறு எரியுது.

அந்த பூட்டின வாசல்ல சொன்ன கதைதான் நாள் பூரா மண்டைக்குள்ள ஓடிச்சு. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டுல மத்தவிலாசப் பிரகசனம்னு ஒரு நாடகம் எழுதியிருக்கான்ல, ராஜாவே எழுதின காமெடி, அது நடக்கறது இதே காஞ்சி தெருவுலதான். ஒரு காபாலிகன், மண்டையோட்டுல பிச்சையெடுக்கற சைவ சாமியார், குடிச்சுட்டு அந்த கபாலத்த தொலைச்சுடறான், அந்த வழியா போன புத்த பிக்குதான் திருடினான்னு சண்டை, நடுவுல பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் (இன்னொரு சைவப் பிரிவு சாமியார்), கடைசில பார்த்தா கபாலத்த நாய் தூக்கிட்டு போயிருக்கு. அதாவது அப்போ தெருவுல ஒருத்தன ஒருத்தன் கிண்டல் பண்ற அளவுக்கு எல்லா மதத்துக்காரனும் இருந்திருக்கான். 640 வாக்குல வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் நூறுக்கு மேல புத்த விகாரம், 10,000 பிக்குன்னு எழுதி வச்சிருக்கார். நாளந்தாவுக்கு தலைவரா இருந்த தர்மபாலர் இந்த ஊர்க்காரர்னும் அவர்தான் எழுதியிருக்கார். போதிதர்மரும் காஞ்சிதானே சார்னு பையன் கேட்டான் (சினிமா பார்த்த தலைமுறை), அப்படி ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா இங்க அதுக்கு கல்வெட்டு ஒண்ணும் இல்லப்பான்னு சார் முடிச்சுட்டார். தெரிஞ்சத மட்டும் சொல்ற கைடு கிடைக்கறது அபூர்வம், நிறைய பேரு கூட்டம் ஆன்னு வாய பொளக்கணும்னு கூட ரெண்டு ஆயிரம் வருஷம் சேர்த்துப்பாங்க.

சரி அந்த 10,000 பிக்கு எங்க போனாங்க? கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலுக்கு கூட்டிட்டு போனார். உள்ள கல் புத்தர் உக்காந்திருக்கார், சம்மணம் போட்டு, மடியில கைமேல கை. காமாட்சி கோயில்ல கிடைச்ச நின்ன கோல புத்தர் ஒண்ணு, ஆள விட உயரம், இப்போ சென்னை மியூசியத்துல இருக்கு. எக்மோர்ல அந்த சிலைய பார்த்திருக்கேன், காஞ்சிபுரம்னு எழுதியிருந்தத படிச்சுட்டு நகர்ந்திருக்கேன், காமாட்சி கோயில்னு இப்போதான் உறைக்குது.

டிபன் பத்தி ஒரு வரி. கோயில் இட்லின்னு மந்தாரை இலை வச்ச மூங்கில் குடலையில வேக வச்சது, மிளகு சுக்கு சீரகம் போட்டு, துண்டு போட்டு தந்தாங்க. நல்லா இருந்துச்சு, ஆனா ரெண்டுக்கு மேல முடியாது, நெஞ்ச அடைக்கும்.

பன்னெண்டு மணிக்கு நடை சாத்தறதுக்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு ஓடினோம். பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தே போயிடலாம், உள்ள நாங்களும் பட்டரும்தான். நின்ன, இருந்த, கிடந்த கோலம் மூணும் மாடி மேல மாடியா இருக்கற கோயில், திருமங்கையாழ்வார் பாடினது, அதெல்லாம் திவ்ய தேசம் போறவங்களுக்கு தெரியும். சார் எங்கள சன்னதிக்கு அப்புறம் போலாம்னு நேரா திருச்சுத்துக்கு, அதாவது பிரகாரத்துக்கு, இழுத்துட்டு போனார். சிங்கத்தூண் வரிசை, அதுக்கு பின்னாடி சுவர் பூரா ரெண்டு வரிசையா சிற்பம். பல்லவ வம்சத்து கதை, முடிசூட்டு, போர், யானை, குதிரை, தூதுன்னு பக்கம் பக்கமா போகுது.

அதுல ஒரு இடத்துல நிறுத்தினார். இரண்டாம் பரமேஸ்வரவர்மன் வாரிசு இல்லாம செத்துடறான். ராஜ்ஜியத்துக்கு ஆள் வேணும். அமைச்சருங்க, கடிகையார் (அந்தக் காலத்து கல்விச்சாலைக்காரங்க), ஊர் பெரியவங்க எல்லாரும் சேர்ந்து கிளை வம்சத்து இரணியவர்மன்கிட்ட போறாங்க. அவனுக்கு நாலு பசங்க. ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன், மூணு பேரும் நான் போகலைன்னுட்டாங்க. கடைக்குட்டி பல்லவமல்லன், 12 வயசு, நான் போறேன்னு எழுந்து நிக்கறான். அப்பனுக்கு மனசு வரல, சின்னப்பையன எப்படி அனுப்பறதுன்னு. அப்புறம் ஒத்துக்கறான், பையன் மலையும் ஆறும் காடும் தாண்டி வர்றான், பல்லவடி அரையர் படையோட எதிர்ல வந்து யானை மேல ஏத்திக் கூட்டிட்டு போறார், நந்திவர்மன்னு முடிசூட்டறாங்க. இதெல்லாம் நான் கதை அடிக்கல, சிற்பத்துக்கு பக்கத்துலயே கல்வெட்டா இருக்கு, படத்துக்கு கீழ எழுதற மாதிரி. அந்தப் பையன்தான் பிற்பாடு அறுபது வருஷத்துக்கு மேல ஆண்டு இந்த கோயிலயும் கட்டினான். காலைல தூண்ல பார்த்த விக்ரமாதித்யன்கிட்ட ஊர விட்டுட்டு நின்னவனும் இதே நந்திவர்மன்தான்!

இந்த இடத்துல ஒரு சண்டை வந்துச்சு. பெரியவங்க சேர்ந்து ராஜாவ தேர்ந்தெடுத்திருக்காங்க, அப்பவே ஜனநாயகம்னு பேங்க் மாமா. அதெல்லாம் இல்ல, பொம்மை ராஜா வேணும்னு 12 வயசு பையன கொண்டு வந்திருப்பாங்கன்னு ஹோசூர் அக்கா. சுவத்துல இருக்கறது அவன் காலத்துல அவன் சொல்லி செதுக்கினது, அவன் வெர்ஷன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்கன்னு சார். எனக்கு அக்கா சொன்னதுதான் சரின்னு படுது. சிற்பம் எல்லாம் மழுங்கிப் போச்சு, மூக்கு காது கிடையாது, ஆனா ஒரு கட்டத்துல அந்த சின்ன உருவம் மத்தவங்க இடுப்பு உயரத்துல நிக்குது, அது மட்டும் நல்லாவே தெரியுது.

மத்தியானம் பிள்ளையார்பாளையம் வழியா. தெரு பூரா தறி சத்தம். ஒரு வீட்டுல கூப்பிட்டாங்க, குழித்தறி, நெய்யறவர் கால் ரெண்டும் குழிக்குள்ள, உடம்பு ஒரு கலர் பார்டர் ஒரு கலர் கோர்வை புடவை, அதுக்கு பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து பார்டர் நாடாவ தள்ளித் தரணும். அவங்க சம்சாரம்தான் அந்த வேலை. புடவை யாரும் கேக்கல, அவங்களும் விக்கல, தண்ணி குடுத்தாங்க.

வேகவதி ஆத்துக்கு அந்தப்பக்கம் திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி, அதாவது காஞ்சியோட சமணர் பகுதி. இதுக்காகவே தனியா ஒரு நாள் போகலாம். ரெண்டு கோயில் பக்கத்து பக்கத்துல. சின்னது சந்திரபிரபர், பல்லவர் காலம், கீழ்த்தளம் அடைச்சு வச்சு கருவறை மாடியில இருக்கு. பெருசு திரைலோக்கியநாதர், வர்த்தமானர். அதுக்கு முன்னாடி சங்கீத மண்டபம், 1387-ல விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினது, அண்ணாந்தா கூரை பூரா ஓவியம். சிவப்பு தரை மேல கட்டம் கட்டமா, ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுத்து. ரிஷபதேவர் கதை, மகாவீரர் கதை. நடுவுல திடீர்னு கிருஷ்ணர்! சமணக் கோயில்ல கிருஷ்ணருக்கு என்ன வேலைன்னா, 22-வது தீர்த்தங்கரர் (சமண குரு) நேமிநாதர் சமண மரபுல அவருக்கு உறவுக்காரர், பங்காளி. அதனால அவர் கதையும் வருது. பல இடத்துல பூச்சு விழுந்து வெறும் வெள்ளை, சில இடத்துல மேல புதுசா வரைஞ்சு பழசு போச்சு. கோயிலுக்குள்ள ஒரு குரா மரம், அதுக்கு சுத்தி மேடை. பார்த்துக்கறவர் அங்கயே குடியிருக்கற ஜைன குடும்பத்துக்காரர், சுத்தமான காஞ்சிபுரம் தமிழ். தமிழ்நாட்டுல ஜைனர்னா சேட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற நம்ம ஜனங்க ஒரு தடவ இங்க வரணும்.

கடைசியா ஊருக்கு வெளிய ஐயங்கார்குளம், நடவாவி கிணறு. சஞ்சீவிராயர் கோயில் பக்கத்துல, விஜயநகர காலத்து வைணவ குரு தாத்தாச்சாரியார் கட்டின பெரிய குளம் பக்கத்துல. கல்லுல ஒரு வாசல், அதுலருந்து படி கீழ இறங்குது, உள்ள மண்ணுக்கடியில கிணத்த சுத்தி மண்டபம். வருஷம் பூரா தண்ணி நிக்கும், சித்ரா பௌர்ணமிக்கு முன்னாடி மோட்டார் போட்டு இறைச்சுடுவாங்க, அன்னைக்கு ராத்திரி வரதரே உள்ள இறங்கி வருவார், கூட்டம் நெரியும். நாங்க போனப்போ படியில பாதி வரைக்கும் பச்சைத் தண்ணி, மண்டபத்த பாக்க முடியல. "வரதர் இல்லைன்னீங்களே, இது அவர் வர்ற கிணறுதானே"ன்னு பேங்க் மாமாவுக்கு அப்போதான் முகம் மலர்ந்துச்சு.

போறவங்களுக்கு: பெரும்பாலான கோயில் 12-லருந்து 4 வரைக்கும் சாத்திடுவாங்க, அதனால வைகுந்தப் பெருமாள காலைலயே முடிச்சுடுங்க. ஓவியத்துக்கு ஃப்ளாஷ் அடிக்காதீங்க. பூட்டியிருந்தா கோவிச்சுக்கிட்டு திரும்பாம பக்கத்து வீட்டுல கேளுங்க, சாவி எங்கன்னு அவங்களுக்கு தெரியும். அப்புறம் ஒரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துட்டு போங்க, பதினோரு மணிக்கு மேல அந்த கல்லுல கால் வைக்க முடியாது.