எக்செலுக்குக் கொடுத்ததும் கொடுக்காததும்

சிங்கப்பூர் சைனாடவுனில் ஒரு சிறிய வழக்கறிஞர் நிறுவனத்தில் கிளார்க்காக இருக்கிறேன். வீடு விற்பனைக் கோப்புகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. வாங்குபவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக்கு, மத்திய சேம நிதிக் கழகத்துக்கு, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு, வீட்டின் மீது வாங்குபவருக்குள்ள உரிமையைப் பதிவு செய்யும் கேவியட் படிவத்துக்கு என்று திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். மென்பொருள் விற்க வந்தவர்கள் சொன்ன விலையைக் கேட்ட பிறகு, கையில் இருக்கும் எக்செலும் பட்டியலிலிருந்து விவரங்களை எடுத்துக் கடிதத்தில் நிரப்பும் வேர்டின் மெயில் மெர்ஜும் போதும் என்று முதலாளி முடிவு செய்தார்.

கடிதங்கள் சீக்கிரமே தயாராயின. இழுத்தடித்தது பெயர்தான். முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் எந்தத் தமிழர் அடங்குவார்? 'எஸ்/ஓ'வுக்கு (இன்னாரின் மகன்) பின்னால் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, மகனுக்குப் போகவேண்டிய கடிதம் அப்பாவை விளித்தது. சீனர்களுக்கோ குடும்பப் பெயர் முன்னால் வரும். இப்போது அட்டையில் உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரு கட்டம், கடிதத்தில் எப்படி அழைப்பது என்பதற்கு ஒரு கட்டம். இரண்டாவதைக் கட்சிக்காரரிடமே கேட்டு நிரப்புகிறோம்.

அடையாள அட்டை எண்ணுக்கு எக்செல் உண்மையிலேயே உதவியது. எண்ணில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள ஏழு இலக்கங்களை வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால், மீதியை வைத்துக் கடைசி எழுத்தைச் சரிபார்க்கலாம். 'T' எழுத்தில் தொடங்கும் எண் என்றால் கூட்டுத்தொகையோடு 4 சேர்க்கவேண்டும். இலக்கம் ஒன்று மாறினாலும் கட்டம் சிவந்துவிடும்.

வாங்குபவர் முத்திரை வரியும் சூத்திரத்துக்கு அடங்கியது. 12 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வீட்டுக்கு 32,600 வெள்ளி என்று நொடியில் வரும். கூடுதல் முத்திரை வரியை மட்டும் நான் எக்செலிடம் விடவில்லை. குடியுரிமை, ஏற்கெனவே உள்ள வீடுகள், தம்பதியரில் யார் குடிமகன், பழைய வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்பார்களா என்று அது கிளைவிட்டுக்கொண்டே போகும். குடிமக்களுக்கு இரண்டாவது வீட்டுக்கு 20 விழுக்காடு; வெளிநாட்டவருக்கு 60. அந்தக் கட்டம் காலியாகவே அச்சாகும், வழக்கறிஞர் பேனாவால் நிரப்புவார்.

தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. இங்கே கையெழுத்தானால் 14 நாளில் வரி கட்டவேண்டும். சென்னையில் காகிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால், பத்திரம் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாள். அதனால் எங்கே கையெழுத்தானது என்பதற்கும் ஒரு கட்டம் வைத்தேன். "தேதி வந்துவிட்டதென்று எக்செல் சொல்லும் தம்பி, கட்சிக்காரரைப் போனில் பிடிப்பது யார்?" என்று எங்கள் மூத்த கிளார்க் அக்கா இன்னும் சுவர் நாள்காட்டியில் வட்டம் போடுகிறார். நான் தடுக்கவில்லை.

அடுத்தது, இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள். முஸ்லிம் குடும்பமென்றால் ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்கள் உயில் எழுதாவிட்டால் பங்கீட்டுக்கு வேறு சட்டம். ஒரே படிவத்தில் இரண்டையும் திணிக்காமல், தனித்தனியாகத் தொடங்கியிருக்கிறோம்.