பூங்காவுக்கென்று ஒரு தனி அரசாங்கம்

அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகேயுள்ள நேப்பர்வில் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் சொத்துவரி பில்லைப் பார்த்ததும் கேட்பது: "சிட்டிக்கு ஒரு வரி, பார்க் டிஸ்ட்ரிக்டுக்கு இன்னொரு வரியா?"

ஆமாம். இல்லினாய் மாநிலத்தில் பூங்காக்களைக் கவனிக்கும் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்பது நகராட்சியின் கீழ் இயங்கும் துறை அல்ல, தனி உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலான ஊர்களில் அதன் நிர்வாகக் குழுவை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குச் சொந்த வரி உண்டு, சொந்த நிலமும் உண்டு.

சிக்கல் எங்கே வரும் என்றால், புது மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகராட்சி. அங்கே பூங்கா அமைத்துப் பராமரிப்பது பார்க் டிஸ்ட்ரிக்ட். இருவரும் முன்கூட்டியே பேசாவிட்டால் வீடுகள் எழும்பிவிடும், பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்காது.

நேப்பர்வில் இதற்கு ஒரு விதி போட்டது. மனை பிரிப்பவர்கள், குடிவரப்போகும் மக்கள்தொகைக்கேற்ப பூங்காவுக்கும் பள்ளிக்கும் நிலம் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். இந்த விதியை எதிர்த்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. புதுக் குடியிருப்பால் உருவாகும் தேவைக்கு மட்டுமே இப்படிக் கேட்கலாம் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்து, அந்த விதி செல்லும் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

என்னைக் கேட்டால், முடிந்தவரை நிலமாகவே வாங்க வேண்டும். ஊர் நிறைந்த பிறகு அந்தப் பணத்துக்கு அதே இடத்தில் ஒரு மைதானம் கிடைக்காது. மனைப்பிரிவுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நகராட்சித் திட்டக் குழுவின் விசாரணைக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புது மனைப்பிரிவு வருகிறது என்றால் தயவுசெய்து போய்க் கேளுங்கள்: பூங்கா எங்கே, எத்தனை ஏக்கர்?