காட்பாடியிலிருந்து மார்கரெட் ரிவர்: ஒரு சின்ன வேன் சுற்றுக்கான திட்டம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவானதும் நான் கேட்டது ஒன்றுதான்: கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தெற்கே மார்கரெட் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன சுற்று. படுக்கை, அடுப்பு, பாத்திரம் எல்லாம் வண்டிக்குள்ளேயே. சாலையோரம் வைன் தோட்டங்கள். அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே போனால் முரட்டு அலை அடிக்கும் இந்தியப் பெருங்கடல்.

அது சின்ன சுற்றாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் வேலூர்ப் பக்கம் டூர் என்றால் விடியற்காலையில் டெம்போ டிராவலரில் ஏறி, காஞ்சிபுரம், திருத்தணி, திருப்பதி என்று எல்லாம் முடித்து, ராத்திரி வீடு வந்து சேர்வது. கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தரிசனம் கிடைத்தால் போதும், அது சரிதான். கடலுக்கும் காட்டுக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. மாமா, அதாவது அக்காவின் கணவர், குடியாத்தத்துக்காரர். அவர் போட்டு அனுப்பிய முதல் பிளானில் தெற்குக் கடற்கரையில் இருக்கிற ஆல்பனியும் இருந்தது, எஸ்பெரன்ஸும் இருந்தது.

"இவ்ளோ தூரம் வர்றீங்க, அதையும் பாத்துட்டுப் போலாமில்ல?" என்றார் போனில்.

"மாமா, பெர்த்லேருந்து எஸ்பெரன்ஸ் போக மட்டுமே 700 கிலோமீட்டர். அம்மா ரோட்டைத்தான் பாப்பாங்க."

அக்கா குறுக்கே வந்து, "அவன் சொல்றது சரிங்க, விடுங்க" என்றாள். போக வரவே சுமார் 700 கிலோமீட்டரில் முடிகிற சுற்றுதான் கடைசியில் நின்றது.

பெர்த்திலிருந்து பன்பரி வழியாக பஸ்ஸல்டன் வரை நெடுஞ்சாலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸல்டனில் கடலுக்குள் 1,841 மீட்டர் நீண்டு போகிற மரப்பாலம் இருக்கிறது, முதல் பகுதி 1865-ல் திறக்கப்பட்டது. அதன்மேல் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. முட்டிவலியோடு இருக்கிற அம்மாவும் கடைசி வரை போய் வரலாம். அங்கிருந்து கேப் நேச்சுரலிஸ்ட் முனை. அதற்கப்புறம் நேர்வழியை விட்டுவிட்டு கேவ்ஸ் ரோடு. வடக்கு முனையிலிருந்து தெற்கே கேப் லூவின் பக்கம் வரை கடற்கரையை ஒட்டியே போகிற சாலை அது. பயணத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. யாலிங்கப், வில்யாப்ரப், பிரெவெல்லி, ஹமெலின் பே, அகஸ்டா எல்லாம் அந்த வழியில்தான்.

வைன் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது அம்மா அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை. அவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இந்த வைன் வட்டாரத்தை உருவாக்கியதே டாக்டர்கள்தான் என்று சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, இந்தப் பகுதியின் தட்பவெப்பம் பிரான்ஸின் போர்டோவை ஒத்திருக்கிறது, திராட்சைக்கு ஏற்றது என்று 1960-களின் நடுவில் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு டாம் கலிட்டி என்ற இதய மருத்துவர் 1967-ல் வில்யாப்ரப்பில் கொடி நட்டார். பெர்த்தில் டாக்டர் வேலை, வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு. பின்னால் வந்த மாஸ் வுட், கல்லன் தோட்டங்களைத் தொடங்கியவர்களும் டாக்டர்களே.

கலிட்டியின் முதல் விளைச்சலைக் குருவிகள் தின்று தீர்த்தன. விரட்டுவதற்கு ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் அது பறந்து போய்விட்டது. வாஸ் ஃபீலிக்ஸ் என்ற அந்தத் தோட்டத்தின் சின்னத்தில் இன்றும் அந்தப் பறவை இருக்கிறது. அந்தக் குருவிகளைப் பற்றி இன்னொன்றும் தெரிந்தது. மாரி என்ற யூகலிப்டஸ் வகை மரம் நன்றாகப் பூக்கிற வருஷத்தில் அவை தேனுக்காக அந்தப் பூக்களுக்கே போய்விடும், திராட்சை தப்பிக்கும். அதனால் தோட்டக்காரர்கள் பழத்தைப் பார்க்கிற அதே கவலையோடு பக்கத்துக் காட்டின் பூவையும் பார்க்கிறார்கள்.

"நம்ம ஐடா அம்மாவும் அப்பிடித்தான், கார்ல போயி ரோட்டோரம் மரத்தடியில வைத்தியம் பாத்தாங்க, குடியாத்தம் ரோட்ல" என்றார் அம்மா, சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைச் சொல்லி. இப்போது வாஸ் ஃபீலிக்ஸ் அவருடைய பட்டியலிலேயே இருக்கிறது. ருசி பார்க்கும் கூடத்துக்கு செல்லார் டோர் என்று பேர். மாமா ருசி பார்க்கட்டும், வேனை ஓட்டுகிற நான் தொடப்போவதில்லை. சட்டப்படி ரத்தத்தில் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு அந்தக் கணக்கே வேண்டாம்.

கடல் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். 1996-ல் கிரேஸ்டவுன் கடற்கரையில் சுண்ணாம்புப் பாறை சரிந்து, அதன் அடியில் ஒதுங்கியிருந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே பாறைக்கு அடியில் உட்காரக் கூடாது, ஈரமாக இருக்கிற பாறைமேல் ஏறக் கூடாது. கேப் லூவினில் 1890-களில் கட்டின 39 மீட்டர் கலங்கரை விளக்கம் நிற்கிறது. இந்தியப் பெருங்கடலும் தென் பெருங்கடலும் சேர்கிற முனை என்று அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு முழு பிற்பகல் ஒதுக்கியிருக்கிறேன்.

வழியில் போரனப் காடு. 60 மீட்டர் வளர்கிற காரி என்ற யூகலிப்டஸ் மரங்கள். 1900-களின் தொடக்கம் வரை மரக் கம்பெனி வெட்டித் தீர்த்த இடம் அது. இன்று நிற்பது அதற்கப்புறம் தானாக முளைத்து வளர்ந்தது. ஜவ்வாது மலையில் சந்தனம் போன கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்டுக்குள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். உள்ளே போகிற போரனப் டிரைவ் மண்சாலை. வேன் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையை அனுமதிப்பதில்லை. அதற்கு மட்டும் மாமாவின் கார்.

வேன் எடுப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். நினைத்த இடத்தில் ஓரங்கட்டித் தூங்க முடியாது, அந்த வட்டாரத்தில் அபராதம் போடுவார்கள். முகாம் இடத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும், அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும். இடதுபக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் மற்றபடி நமக்குச் சிரமமில்லை.

அக்காவுக்கு என்ன கொண்டுபோவது என்பதில்தான் வீட்டில் எல்லோருக்கும் மனசு கஷ்டமானது. ஆற்காடு மக்கன் பேடா கேட்டிருந்தாள். பால்கோவா சேர்த்துச் செய்கிற பலகாரம். கோமாரி நோய் இல்லாத நாடு ஆஸ்திரேலியா, நம் பால் பொருளை உள்ளே விடமாட்டார்கள். ஜமுனாமரத்தூரில் வாங்கின மலைத்தேன் ஒரு பாட்டில், அடியில் மெழுகுத் துணுக்கு படிந்து, அலமாரியில் அவளுக்காகவே காத்திருந்தது. மேற்கு ஆஸ்திரேலியா தேன் விஷயத்தில் இன்னும் கடுமை. அங்கே இல்லாத தேனீ நோய் வந்துவிடக் கூடாதென்று மற்ற ஆஸ்திரேலிய மாநிலங்களின் தேனுக்கே கட்டுப்பாடு. கறிவேப்பிலையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் பேச்சுக்கே இல்லை. தோட்டத்தையும் தேனீயையும் நம்பிப் பிழைக்கிற ஊர் தன்னைக் காத்துக்கொள்கிறது, அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையில் அடைத்து விற்கிற மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் விமான நிலையத்தில் அட்டையில் எழுதிக் காட்டிவிடுவோம்.

மாதம் அக்டோபர் நடு. மே மாதம் இங்கே அக்னி நட்சத்திரத்திலிருந்து தப்பிக்கத் தோன்றும். அங்கே அப்போது மழைக்காலம் தொடங்கிவிடும். பிப்ரவரி, மார்ச் பழம் பறிக்கிற காலம். அக்டோபரில் கொடியில் பழம் இருக்காது, இளந்துளிர்தான். காட்டுப்பூக்கள் இருக்கும், ஜியோகிராஃப் பேயில் குட்டியோடு திரும்புகிற ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் கரையிலிருந்தே தெரியும். செப்டம்பர் கடைசி தொடங்கி இரண்டு வாரம் அங்கே பள்ளி விடுமுறை, முகாம் எல்லாம் நிறைந்துவிடும். அது முடிந்த பிறகு போகிறோம்.

வேனுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. இனி விசாவும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச லைசென்ஸும் பாக்கி. அம்மாவுக்குச் சாதம் வைக்க எந்தக் குக்கர் வேனின் இரண்டு அடுப்பில் உட்காரும் என்று அக்கா அளவெடுத்துச் சொல்லியிருக்கிறாள்: 3 லிட்டர்.