லாங் ஆன் தாழிகளும் போகலே குளமும்

2008 மே மாதம் நர்கிஸ் புயல் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தைப் புரட்டிப்போட்ட மூன்றாவது வாரத்தில், யாங்கூனிலிருந்து எங்கள் கோயில் இளைஞர்களோடு நானும் அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு போகலே பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்த ஊரார் எங்களிடம் முதலில் கேட்டது குடிதண்ணீரைத்தான். மழைநீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் குடித்துவந்த ஊர்க்குளத்தில் கடல் ஏறி இறங்கியிருந்தது. உப்புத்தண்ணீரை இறைத்து வெளியே விட்டு, அடிச்சேற்றை அள்ளி, மழை வலுப்பதற்குள் குளத்தை ஆயத்தமாக வைக்க வேண்டும் என்றும், அதற்கு இரண்டு பம்புகளும் சில நாள் சாப்பாடும் போதும் என்றும் ஊர்ப் பெரியவர் சொன்னார். பம்புகளை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அது எங்களுக்குச் சிறிய உதவியாகத் தெரிந்தது. யாங்கூன் திரும்பி நன்கொடை திரட்டி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய், பந்தல் போட்டு, பெயர்ப்பலகை வைத்துத் திறந்துவைத்தோம்.

ஒன்றரை ஆண்டில் அந்த இயந்திரம் நின்றுவிட்டது. அதற்குள் மாற்ற வேண்டிய வடிசவ்வு போகலேயில் கிடைக்கவில்லை, டீசல் வாங்க ஊரில் பணமும் இல்லை. அதை இயக்கக் கற்றிருந்த பையன் பிழைப்புக்காக மலேசியாவுக்குப் போய்விட்டான். குளத்துத் தண்ணீரைத்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது. இந்தத் தவறு பல ஆண்டுகள் என் மனத்தை உறுத்தியபடியே இருந்தது. அதற்கான விடையை நான் கண்ட இடம் வியட்நாம்.

2016 தொடக்கத்தில், சைகோனில் வேலை பார்க்கும் என் மகனோடு சில வாரம் தங்கியிருந்தேன். பென் தான் சந்தைக்கு அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனால், நம்மவர்கள் கட்டிய அந்தக் கோயிலில் இன்று கைகூப்பி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியராகவே இருக்கிறார்கள். செட்டியார்களின் கடைகள், இன்று யாங்கூன் என்று சொல்லும் ரங்கூனைப் போலவே சைகோனிலும் இருந்த காலத்தை என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் அந்த ஊர் எனக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. மகனின் அலுவலக நண்பர்கள் லாங் ஆன் மாகாணத்துக் கிராமம் ஒன்றுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனபோது நானும் சேர்ந்துகொண்டேன்.

அந்த ஆண்டு மேக்கோங் கழிமுகத்தில் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவால் மழை பொய்த்திருந்தது. ஆற்றில் நன்னீர் வரத்து குறைந்ததால், கடல்நீர் சில இடங்களில் 70, 80 கிலோமீட்டர் உள்நாடு வரை ஏறிவிட்டது. ஒரு லிட்டரில் நான்கு கிராம் உப்பு சேர்ந்தாலே நெல் தாங்காது என்பது அங்குள்ள உழவர்களின் கணக்கு. ஆற்றின் மேற்பகுதியில் கட்டிய அணைகள், ஆற்றுமணல் கொள்ளை, நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தாழ்ந்துகொண்டே போகும் நிலம் என்று அந்தத் துயரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஐராவதிக் கரையில் ஒரே இரவில் வந்த உப்பு, அங்கே ஆண்டுதோறும் கோடையில் மெல்ல மெல்ல வருகிறது.

அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டின் இறவாரத்தின் கீழும் ஆள் மார்பளவு உயரத் தாழிகள் வரிசையாக நின்றன. அவற்றை லூ என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் பாட்டி காலத்து மார்த்தபான் என்னும் பெரிய பர்மியத் தாழி ஒன்று இருப்பதால், அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு உறவினர் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. எங்களை உள்ளே அழைத்த மூதாட்டி ஒரு தாழியின் மூடியை விலக்கி, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதில் வெண்துகள்கள் வெட்டி வெட்டி நீந்தின. "அம்மா, இவைதான் கொசுப்புழுவைத் தின்னும் பூச்சிகள் என்று சொல்கிறார்," என்றான் மகன்.

அதன் பெயர் மீசோசைக்ளாப்ஸ். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான இந்த நீருயிரியின் நீளம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தாழி போன்றவற்றில் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். பொரித்து வெளிவரும் இளம்புழுக்களை மீசோசைக்ளாப்ஸ் பிடித்துத் தின்றுவிடும். டெங்குவைக் குணப்படுத்தத் தனி மருந்து கிடையாது என்பதை, மழைக்காலத்தில் யாங்கூன் மருத்துவமனைகளின் குழந்தைகள் பகுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் வட வியட்நாமில் வூ சின் நாம் என்ற அறிவியலாளரும் ஆஸ்திரேலியரான பிரையன் கேயும் இந்த உயிரியைக் கிராமத் தாழிகளில் விட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய உதவிப்பணமும் அதற்குத் துணைநின்றது. 2005இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, திட்டம் நடந்த 37 ஊராட்சிகளில் 32இல் ஏடிஸ் ஈஜிப்டி கொசு அற்றுப்போனதாகத் தெரிந்தது. 2002க்குப் பிறகு அந்த அறிக்கை வரும்வரை அவற்றில் ஒன்றிலும் டெங்கு பதிவாகவில்லை. பின்னர் தெற்கே லாங் ஆனுக்கும் அது வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் பெரியவர்கள், சைக்ளாப்ஸ் என்றதும் நரம்புச்சிலந்தி நோயை நினைத்து அஞ்சக்கூடும். அந்த அச்சம் நியாயமானது. படிக்கிணற்றுத் தண்ணீரில் அந்தப் புழுவைச் சுமந்தது இந்த இனத்து உயிரிதான். ஆனால் நரம்புச்சிலந்திப் புழு அப்போது வியட்நாமில் அறியப்பட்டிருக்கவில்லை, இந்தியாவும் 2000இல் அதிலிருந்து விடுபட்டுவிட்டது. தவிர, அவர்கள் தாழித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கிறார்கள்.

என்னை மிகவும் ஈர்த்தது அந்த உயிரியைப் பரப்பிய முறை. கிராமத்துக்கு இத்தனை பேர் என்று சுகாதாரத் துணைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்த் தாழிகளைப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு சேர்ந்து, மழைநீர் தேங்கும் சிரட்டைகளையும் டப்பாக்களையும் பொறுக்கி அகற்றினார்கள். தாழியை முழுவதும் கவிழ்த்துக் கழுவினால் உயிரிகளும் போய்விடும், அப்போது பக்கத்து வீட்டுத் தாழியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வாங்கி ஊற்றினால் மீண்டும் பெருகிவிடும். அந்த மூதாட்டி அன்று காலையில்தான் அடுத்த வீட்டுப் புது மருமகளுக்கு ஒரு சட்டி தண்ணீர் கொடுத்தனுப்பியதாகச் சொன்னார். உடல்நலம், கல்வி, தண்ணீர் என்று உதவி நிறுவனங்கள் மூன்று கணக்குப் புத்தகங்களில் எழுதிவைப்பதை, அந்தத் திண்ணையில் ஒரே தாழிக்குள் பார்த்தேன்.

ஹனோயைச் சூழ்ந்த செவ்வாற்றுச் சமவெளியிலும் இதே போன்ற ஒன்று நடக்கிறது. அங்கே குழாய்க்கிணற்று நீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்திருக்கிறது. ஆனால் கூடவே இரும்பும் மிகுதியாக இருப்பதால், வீட்டு முற்றத்து மணல் தொட்டியில் அந்த நீர் காற்றுப்பட்டு வடியும்போது இரும்பு துருவாகப் படிய, ஆர்செனிக்கில் பெரும்பகுதி அதோடு ஒட்டிக்கொள்கிறது. மணலை மாற்ற எந்த நிபுணரும் வர வேண்டியதில்லை.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1993இல் வியட்நாம் மக்களில் 58 விழுக்காட்டினர் வறியவர்களாக இருந்தார்கள். அந்த அளவு இன்று மிகவும் குறைந்துவிட்டது. நாடு நடுத்தர வருமானத்தை எட்டியதும் வெளிநாட்டு உதவியாளர்கள் பலர் விலகிப்போனார்கள், ஆனால் எஞ்சிய வறுமை வடக்கு மலைகளில் ஹ்மொங் போன்ற சிறுபான்மை மக்களிடம் குவிந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முதல் நாளில் ஆசிரியர் பேசுவது அவர்கள் வீட்டில் கேளாத மொழி. மாலையில் கோயில் பள்ளியில் தமிழும் பகலில் பர்மிய மொழியும் படித்து வளர்ந்த எனக்கு அந்தத் திகைப்பு நன்றாகத் தெரியும். 2011இல் சான் டாங் துவான் என்ற இதழாளர், மலைப்பள்ளி விடுதியில் பிள்ளைகள் வெறுஞ்சோறு உண்பதைப் பார்த்துவிட்டு, 'இறைச்சியோடு சோறு' என்ற பெயரில் நன்கொடை திரட்டத் தொடங்கினார். தட்டில் ஒரு துண்டு இறைச்சி என்று அவர் கேட்டது எந்தப் பெயர்ப்பலகைக்கும் இடமில்லாத உதவி, அதனாலேயே அதை நான் மதிக்கிறேன்.

பர்மியத் தெருவோரங்களில் வழிப்போக்கருக்காகப் பானைகள் வைக்கும் யேஓஸின் மேடையில், கொடுத்தவர் பெயரைவிட, தினமும் அதில் தண்ணீர் நிரப்பும் கை முக்கியம் என்பதைச் சிறுவயது முதலே பார்த்திருக்கிறேன். நம் தண்ணீர்ப் பந்தலும் அப்படித்தான். இயந்திரம் வாங்கிய அன்று நான் அதை மறந்திருந்தேன்.

சைகோனிலிருந்து திரும்பியதும் எங்கள் குழுவில் இதை விரிவாகப் பேசினேன். மீசோசைக்ளாப்ஸை நாமாகக் கொண்டுவந்து விடக் கூடாது, அது சுகாதாரத் துறை ஆராய்ந்து செய்ய வேண்டிய வேலை என்று எங்களுள் ஒரு மருத்துவர் சொன்னார், அதை ஏற்றுக்கொண்டோம். எங்களால் முடிந்ததைச் செய்தோம். போகலே ஊரின் தாழிகளுக்கு இறுக்கமான மூடிகளும் வலைத்துணியும் கொடுப்பது, வாரம் ஒருமுறை வீடு வீடாகப் பார்க்கும் இரண்டு பெண்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகை தருவது, மழைக்கு முன் குளத்தைத் தூர்வாரும் நாள்களில் ஊருக்குச் சாப்பாடு போடுவது என்று முடிவாயிற்று. மூடிகளை அந்த ஊர்த் தச்சரே செய்தார். நின்றுபோன இயந்திரத்தைக் கழற்றி, அதன் கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். பெயர்ப்பலகையை நானே இறக்கிக் கொண்டுவந்தேன்.