ஹாலேயில் ஒரு செமஸ்டர்

2024 அக்டோபர் 3, வியாழன்

நேற்று இரவு ஜெர்மனியில் இருக்கும் ஹாலே வந்து சேர்ந்தேன். ஃபிராங்க்ஃபுர்ட்டில் விமானம் இறங்கி, எர்ஃபுர்ட்டில் ரயில் மாறி, இருட்டில் வந்ததால் ஊர் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஒரு ஆள் இல்லை. கடைகள் எல்லாம் பூட்டு. 1990-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகச் சேர்ந்த நாள், அரசு விடுமுறையாம்.

கிளம்பும்போது பெட்டியில் ஒரு கிலோ அரிசி வைக்காதே என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். இன்று மதியம் அந்த அரிசியைத்தான் வடித்து, பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதான் சொன்னேன்ல பாப்பா" என்றதோடு விட்டுவிட்டார்.

2024 அக்டோபர் 11, வெள்ளி

இந்த வாரம் முழுக்கக் காகித வேலைதான். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்குப் பெயர் ஆன்மெல்டுங். அந்தத் தாள் இருந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும். விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் போட்ட பணமும் சும்மா வராது. இங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகு மாதம் 992 யூரோ என்று அளந்து விடுவார்கள். அப்பா சேமிப்பு, பெரியப்பா கொடுத்தது, நகைக் கடன் எல்லாம் சேர்ந்த பணம் அது. ஒவ்வொரு யூரோவையும் ரூபாயாக்கிப் பார்க்காமல் என்னால் ஒரு ரொட்டிகூட வாங்க முடியவில்லை.

அலுவலகத்தில் இருந்த அம்மையார் கேட்டது எனக்குப் புரியவில்லை. திரும்பவும் கேட்டார், இன்னும் சத்தமாக. திருச்சியில் ஆறு மாதம் படித்த ஜெர்மன் எங்கே போனது என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். நம் ஊர் தலையாட்டல் அவருக்கு ஆமாவா இல்லையா என்று விளங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. 22 வயதில், பெயரையும் தெருவையும் சொல்லத் தெரியாமல் நிற்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

2024 அக்டோபர் 17, வியாழன்

எங்கள் உயிர்வேதியியல் வகுப்புகள் வைன்பெர்க் வளாகத்தில், ஸாலே ஆற்றுக்கு அந்தக் கரையில். பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்குகிறது. அந்தக் கால் மணி நேரம் பழைய பல்கலைக்கழக வழக்கமாம். பேராசிரியர் முடித்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டுகிறார்கள். அதுதான் இங்கே கைதட்டல். முதல் நாள் நான் மட்டும் கைதட்டினேன். இன்று நானும் தட்டினேன்.

ஒன்று மட்டும் சட்டென்று பிடிபட்டது. இங்கே 'டு' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்து வந்த நண்பர்கள் யாரை எப்படி அழைப்பது என்று திணறுகிறார்கள். நமக்கு அது பிறவியிலேயே இருக்கிறது.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

அதிகாலை மூன்று மணியை இரண்டு ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்கும் எனக்கும் இடையே மூன்றரை மணி நேரமாக இருந்தது இன்று நாலரை ஆகிவிட்டது. அம்மாவிடம் பேச இன்னும் ஒரு மணி நேரம் குறைந்தது.

மாடியில் ஒரு சிரிய ஆய்வு மாணவி குடும்பத்தோடு இருக்கிறார். அவர் மகன் ஒன்றாம் வகுப்பு. பொதுச் சமையலறையில் வீட்டுப்பாடம் எழுதுவான். இன்று நான் ஜெர்மனில் ஐந்து என்று சொல்ல, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். 'ஃபுன்ஃப்' இல்லையாம். வாயைக் குவித்துக் காட்டினான். 'ஊ' போல உதட்டை வைத்துக்கொண்டு உள்ளே 'ஈ' சொல்ல வேண்டும். நாலைந்து தடவை முயன்று ஒரு தடவை சரியாக வந்தது. அவன் சிரிக்கவே இல்லை. டீச்சர் மாதிரி தலையசைத்துவிட்டு நோட்டுக்குத் திரும்பினான். வீட்டில் அரபி பேசும் பையன் அவன். அவனும் இதைப் புதிதாகத்தான் கற்கிறான்.

2024 அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இங்கேயும் விடுமுறைதான், ஆனால் கிறிஸ்தவ சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் பெயரால். 1517-ல் இதே நாளில் அவர் விட்டன்பெர்க்கில் தன் வாதங்களை முன்வைத்ததற்கான நாள். பல்கலைக்கழகத்துக்கே அவர் பெயர்தான். அதனால் இன்றும் கடை இல்லை.

நேற்றே ரவை வாங்கியிருந்தேன், கேசரி கிண்ட. ரவையில் இரண்டு வகை என்று எனக்குத் தெரியாது. மென்மையான கோதுமையில் அரைத்ததை எடுத்துவிட்டேன். வறுக்கும்போதே மாவாக இருந்தது, தண்ணீர் பட்டதும் பசையாகிவிட்டது. கடினக் கோதுமை ரவைதான் நம் ரவைக்கு நெருக்கமாம். அடுத்து வருகிறவர்கள் 'ஹார்ட்வைட்ஸன்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பசையை நாங்கள் நாலு பேர் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டோம். அந்தப் பையன் இரண்டு தடவை வாங்கினான்.

2024 நவம்பர் 16, சனி

ஹாலேயை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இன்று பார்த்த இடம்தான். கல்லூரி இரண்டு ஊர்ப் பெயர் கொடுத்தது. எனக்கு ஹாலே பழக்கமான பெயர். எங்கள் ஊர் பொறையாறு. பக்கத்தில் தரங்கம்பாடி. பள்ளியிலிருந்து டேனிஷ் கோட்டைக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் பெயரும் ஹாலே பெயரும் சேர்ந்தே காதில் விழும். 1706-ல் டென்மார்க் அரசர் அனுப்பி வந்து, 1719-ல் தரங்கம்பாடியிலேயே இறந்தவர். புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறையைப் பார்த்திருக்கிறேன்.

அவரோடு தொடர்பில் இருந்த ஃபிராங்கெ அறநிலையம் இங்கே நகர நடுவிலேயே இருக்கிறது. 1698-ல் அனாதைக் குழந்தைகளுக்காகக் கட்டத் தொடங்கிய கட்டடம், முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். மேல்மாடியில், கூரைக்கு அடியில், பழைய அதிசயப் பொருள் அறை. விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகள். அங்கே ஓலைச்சுவடிகள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து நின்றேன். தமிழ். அதை நான் படித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். புள்ளி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. க-வா, க்-ஆ? ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, உதடு அசைய, ஒரு வரியில் மூன்று சொல் தேறியது. ஒன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தது போலவே இருந்தது.

சீகன்பால்கு தமிழைச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதிப் படித்தார். இந்த ஊரில்தான் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்துக் கப்பலில் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். எழுத்து பெரிதாகிக் காகிதம் தின்றதால் நம் பக்கத்திலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் இங்கே அச்சானது. அந்தச் சமயம் சீகன்பால்கு ஐரோப்பா வந்த பயணத்தில் அவரோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் வந்திருக்கிறார். அவரைப் பற்றித்தான் டிராமில் வரும்போதெல்லாம் நினைத்தேன். இந்தக் குளிரில், போன்கூட இல்லாமல். பெயரையும் தெருவையும் அவர் யாரிடம் எப்படிச் சொன்னாரோ.

2024 டிசம்பர் 11, புதன்

நாலு மணிக்கு இருட்டு. ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தால் இரவு. தூக்கம் தூக்கமாக வருகிறது. விட்டமின் டி வாங்கிக்கொண்டேன்.

இன்று பேக்கரியில் நான் ஜெர்மனில் கேட்டேன், அவர் ஆங்கிலத்துக்கு மாறாமல் ஜெர்மனிலேயே பதில் சொன்னார். இரண்டு ரொட்டி, ஒன்று எள் போட்டது. அவ்வளவுதான். வீடு வரும் வரை சந்தோஷம்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பாயசத்துக்கு இங்கே விற்கும் குட்டை அரிசி 'மில்ஹ்ரைஸ்' சர்க்கரைப் பொங்கலுக்கு அப்படியே பொருந்துகிறது, நன்றாகக் குழைகிறது. வெல்லமும் பாசிப்பருப்பும் லைப்சிக் போய் வாங்கினேன்.

பால் பொங்கியதும் சமையலறை ஜன்னல் முழுக்க ஆவி படர்ந்தது. பையன் நாற்காலியில் ஏறித் தன் பெயரை அதில் எழுதினான். அப்புறம் உன் எழுத்தை எழுது என்றான். 'அ' எழுதினேன். எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்டான். எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது. உள்ளே அந்தச் சுழியில் தொடங்கி, சுற்றி வந்து, குறுக்கே போய், கடைசியில் நேராக ஒரு கோடு. கோட்டை முதலில் போட்டான். அழித்தான். திரும்பப் போட்டான். நான் வாயைக் குவித்து 'ஃபுன்ஃப்' சொன்னபோது அவன் சிரிக்காதது ஞாபகம் வந்தது. நானும் சிரிக்கவில்லை. ஏழாவதோ எட்டாவதோ தடவை சரியாக வந்தது. அதற்குள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

2025 பிப்ரவரி 12, புதன்

தேர்வுகள் முடிந்தன. ஒன்றில் 1.7, ஒன்றில் 2.3. இங்கே எண் குறைந்தால்தான் நல்ல மதிப்பெண். அப்பாவுக்கு அதை விளக்க இரண்டு போன் ஆனது.

மதியம் பையனை அவன் அம்மாவிடம் கேட்டு ஃபிராங்கெ அறநிலையத்துக்குக் கூட்டிப் போனேன். முதலையைப் பார்த்து முடித்ததும் ஓலைகளுக்கு அழைத்துச் சென்று, இதில் 'அ' இருக்கிறதா பார் என்றேன். மூக்கு கண்ணாடியில் பட, வரி வரியாக விரலை ஓட்டினான். நானும் பக்கத்தில் குனிந்து தேடினேன். எழுத்துகள் கடுகு அளவு. அலுவலர் வந்து மூடும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லும்போது நாங்கள் இரண்டாவது ஓலையில் இருந்தோம்.