பட்டை ஓடி வராது, ஏறும்

பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு குடும்பத்தின் கதை அந்தத் தொடர். அதன் டைட்டில் அனிமேஷனுக்கு நான் ஆர்ட் டைரக்டர். நீளம் 40 வினாடி. டிவிக்கு வினாடிக்கு 25 ஃபிரேம், ஆக மொத்தம் 1,000. ஒரு படத்தை இரண்டிரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் 500 படம் வரைய வேண்டும். கோவை ஸ்டுடியோவில் நாங்கள் நான்கே பேர்.

முதல் ஸ்டோரிபோர்டில் கூடுதுறை, சங்கமேஸ்வரர் கோயில் கோபுரம், காங்கேயம் காளை, ஈரோட்டு மஞ்சள் மூட்டை என்று எல்லாவற்றையும் போட்டிருந்தேன். தொடரின் இயக்குநர் பார்த்துவிட்டு, "இது ஊரைச் சுத்திக் காட்டுற மாதிரி இருக்குங்க. வீட்டுக்குள்ள எப்பப் போறோம்?" என்றார். அன்றிரவு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். ஜமக்காளம் மட்டும் மிஞ்சியது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் பட்டைகள். நீலப் பட்டை கொஞ்சம் நெளிந்தால் அதுவே காவிரி. வேறென்ன வேண்டும்?

சரி என்று பட்டைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வழுக்கி வந்து திரையை நிரப்புவது போல ஒரு மாதிரி செய்தோம். பார்க்க அழகாகவே இருந்தது. அதை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு பவானிக்குப் போனேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவரும் அவர் வீட்டம்மாவும், தரைக் குழிக்குள் காலை விட்டு நெய்யும் குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். பெரியவர் படத்தை இரண்டு முறை பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, பட்டை இப்பிடி ஓடியாருது? பட்டை ஓடியாராதுங்க, ஏறும். ஒரு ஊடை போட்டு, அடிச்சு, அப்பறமில்லீங்க அடுத்தது?"

எனக்கு உடம்பெல்லாம் சூடானது. ஜமக்காளத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் உள்ளே மறைந்துவிடும், மேலே தெரிகிற நிறமெல்லாம் குறுக்கே போகும் ஊடை நூல்தான். அதனால்தான் பட்டை இழை இழையாகக் கீழிருந்து வளர்கிறது. சின்ன வயதிலிருந்து கல்யாண வீடுகளில் அந்த ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அது எப்படி உண்டாகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அய்யா, இந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கட்டுங்களா?" என்று கேட்டு அரை மணி நேரம் பதிவு செய்தேன். அவர்களிடம் ஒரு ஊடை விழ ஏறக்குறைய இரண்டு வினாடி ஆனது, அதாவது 50 ஃபிரேம். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா போவது வேகம், அடி இன்னும் வேகம், நடுவில் கால் மிதியை மாற்றும்போது ஒரு சின்ன நிறுத்தம். எங்கள் அனிமேட்டர் தம்பி அந்த நிறுத்தத்தை வரைந்த பிறகுதான் படத்துக்கு உயிர் வந்தது. பதினோரு நாள் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் முதலிலிருந்து வரைந்தான். ஒரு சொல் முணுமுணுக்கவில்லை.

அடுத்து எழுத்து. தொடரின் பெயரில் ஒரு 'ணை' இருந்தது. நெசவிலேயே பெயர் எழுந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் தறிக்கு வளைவு தெரியாது, எல்லாம் படிப்படியாகத்தான் வரும். தமிழ் எழுத்தோ முழுக்க வளைவு. 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டன, 'ணை' ஒரு கருப்புக் கட்டி போல நின்றது. கதை அறுபதுகளில் தொடங்குவதால் பழைய 'ணை'யை வைக்கலாம் என்றார் இயக்குநர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சில் இருந்த, தும்பிக்கை போட்ட வடிவம். எனக்கும் அது மிகப் பிடிக்கும். ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் படிக்க வராது, டைட்டிலில் இருப்பதே சில நொடி. இன்றைய வடிவத்தையே வைத்தோம். அப்புறம் நெய்வதை விட்டுவிட்டு, நெய்த துணியின் மேல் ஒரு தனி நூலையே எழுத்தாக வளைத்துப் போட்டோம். கணினியில் செய்யவில்லை. பவானியிலிருந்து கொண்டு வந்த நூலைக் கேமராவுக்கு அடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடித்தோம். அந்த நூலின் பிசிறு வரைந்தால் வராது.

நிறம் கடைசி நேரத்தில் படுத்தியது. டிவி ஒளிபரப்பில் வெளிச்சத்தின் நுணுக்கம் அளவுக்கு நிறத்தின் நுணுக்கம் போய்ச் சேராது. சிவப்பும் பச்சையும் தொடும் இடம் குழம்பிப்போனது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: இரண்டும் ஒரே சாம்பல். பச்சையை ஒரு படி இருட்டாக்கியதும் பட்டைகள் பிரிந்து நின்றன.

ஒளிபரப்பாகிச் சில வாரத்தில், 40 வினாடி அதிகம், 12 வினாடியாகக் குறையுங்கள் என்று சேனலிலிருந்து சொல்லி வந்தது. நெசவை வேகமாக ஓட்டினால் எல்லாம் அடங்கிவிடுமே என்றார்கள். அதற்கு மட்டும் நான் ஒப்பவில்லை. நாலே நாலு ஊடை, எட்டு வினாடி. மீதி நாலு வினாடி பெயருக்கு. நாடாவின் வேகத்தில் ஒரு ஃபிரேமைக்கூட நான் தொடவில்லை.